காது கேட்காவிட்டால் தாளம் வராதா?

ஆண்டுவிழா நெருங்கினால் பள்ளிகளில் குழுப்பாடலுக்கு ஆள் எடுப்பார்கள். திக்கிப் பேசும் பிள்ளையும் காதில் கருவி மாட்டிய பிள்ளையும் முதல் சுற்றிலேயே கழிந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வருகிற பெண் நன்றாகப் பாடினாலும் மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான் இருக்கும். போனால் போகிறதென்று விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் வேலை கிடைக்கலாம். பழியை அந்தப் பிள்ளையின் உடம்பின் மேல் போட்டுவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் நாம் சொல்லித்தரும் முறையில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னிக்கு 8 வயதில் செவித்திறன் குறையத் தொடங்கி, 12 வயதுக்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பள்ளி ஆசிரியர் அவரைச் சுவரில் உள்ளங்கைகளைப் பதிக்கச் சொல்லிவிட்டு டிம்பனி முரசை அடித்தார். தாழ்ந்த சுருதி காலிலும் உயர்ந்த சுருதி முகத்திலும் கழுத்திலும் அதிர்வதைப் பிரித்தறிய அவர் பழகினார். இன்றும் மேடையில் வெறுங்காலோடு நிற்பது அதனால்தான். முதலில் இடம் மறுத்த லண்டன் ராயல் அகாடமி, அவர் வாதாடிய பிறகு சேர்த்துக்கொண்டது. 1989இல் கிராமி விருது வந்தது. மேதை ஒருவரை வைத்து எல்லாரையும் அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சுவரைத் தேடிக் கண்டுபிடித்த ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த மேதை வெளியே வந்திருப்பாரா?

அப்படிப்பட்ட சுவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆதி தாளத்தின் 8 அட்சரமும் கண்ணுக்குத் தெரியும்: ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டு, வீச்சு. காது கேளாத பிள்ளை இதைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். பறையையும் தவிலையும் தொட்டால் கையே அதிரும். கூச்சலைத் தாங்காத ஆட்டிசப் பிள்ளையைக் கடைசி வரிசையில், கதவோரம் உட்காரவைத்தாலே பாதிச் சிரமம் குறையும்.

தரம் கெடும் என்கிறார்கள். போட்டிக்கு அனுப்பும் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? வாராந்தரப் பாட்டு வகுப்புக்கு எதற்குத் தேர்வு? செலவு என்பதுதான் உண்மையான ஆட்சேபம். சாய்தளம் கட்டவும் ஆசிரியரைப் பயிற்றுவிக்கவும் பணம் வேண்டும். பல அரசுப் பள்ளிகளில் பாட்டு ஆசிரியரே கிடையாது. ஆனால் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிக்கும் கல்வியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கடமையாக்கிவிட்டது. பாட்டு வகுப்புக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. பாட்டு ஆசிரியர் நியமனத்தை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.