கடதாசியில் அடிமட்டம் வைத்துப் பாருங்கள்



தீவகத்துக்கு நல்ல ஊர்ப் படம் வேண்டுமென்றால் யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். ஒரு மடிகணினி இருந்தால் நாமே செய்யலாம். ஆனால் திரையில் அழகாகத் தெரிந்த படம் கடதாசிக்கு வரும்போது பழுதாகிவிடுகிறது. உடனே போட்டோகொப்பிக் கடைக்காரரைத்தான் ஏசுகிறோம். என் கருத்து வேறு: கடதாசி வரைக்கும் படம் செய்தவரே பொறுப்பு.

முதலில் அளவுத்திட்டம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர். நாமும் அதே அளவில் ஏ3 படம் செய்கிறோம். கடையில் அதை ஏ4 தாளில் 'பிட் டு பேஜ்' கொடுத்து அடித்தால் 10 சென்ரிமீற்றர் கோடு 7.1 ஆகிவிடும். 5 கிலோமீற்றரை பிள்ளை மூன்றரை என்று வாசிக்கும். படத்தின் கீழே 1:50,000 என்ற பொய் அப்படியே இருக்கும். ஊர்காவற்றுறையில் நின்றால் காரைநகர் கண்ணுக்குத் தெரியும். தரைவழியே போனால் பண்ணை தாண்டி யாழ்ப்பாணம் சுற்ற வேண்டும். இந்த வித்தியாசத்தை அளக்கத்தானே படம்? ஆகவே 'அக்சுவல் சைஸ்' என்று சொல்லி அடியுங்கள். எண்ணோடு அளவுகோட்டையும் போடுங்கள். தாள் சுருங்கினாலும் கோடும் சேர்ந்து சுருங்கும், பொய் சொல்லாது.

அடுத்தது பெயர்கள். இரண்டு பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மென்பொருள் ஒன்றை மறைத்துவிடும். நயினாதீவு சின்னத் தீவு. அதற்குள் நாகபூசணி அம்மன் கோயில், நாக விகாரை, பள்ளிவாசல் மூன்றும் உண்டு. படத்தைச் சிறிதாக்கினால் எது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. மென்பொருள் சமயம் பார்ப்பதில்லை, இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஆனால் பார்ப்பவர் அப்படி எடுக்கமாட்டார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்துக்குத் தன் பள்ளிவாசலின் பெயர் படத்தில் இல்லாதது சின்ன விடயமல்ல. அப்படிப்பட்ட இடத்துக்குத் தனியாகப் பெரிதாக்கிய சிறுபடம் ஒன்றை மூலையில் வையுங்கள், அல்லது பெயர்களைக் கையால் நகர்த்துங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பைப் பின்னணியாக வைத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. அதிலுள்ள எழுத்துகள் படத்தோடு ஒட்டியவை. 300 டிபிஐயில் ஏற்றுமதி செய்தால் எறும்பளவு ஆகிவிடும். டிபிஐயைக் குறையுங்கள், முடிந்தால் வீதிகளையும் பெயர்களையும் நீங்களே தனி அடுக்காகப் போடுங்கள்.

சுவரில் மாட்டும் ஏ0 படம் 300 டிபிஐயில் ஏறத்தாழ 14 கோடி புள்ளிகள். பழைய கணினி இடையில் நின்றுவிடும். 150 ஆக்கினால் அதில் கால்வாசிதான். எட்ட நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். பிடிஎப்பில் தமிழ் எழுத்துச் சிதறினால், ஏற்றுமதியின்போது எழுத்தை உருவமாக மாற்றும் தெரிவைக் கொடுங்கள். கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாதீர்கள், டொக்கியுமென்ராக அனுப்புங்கள். போட்டோ என்றால் அது நசுக்கிவிடும்.

கடைசியாக ஒன்று. முதல் பிரதி வந்ததும் அளவுகோட்டில் அடிமட்டம் வைத்து அளவுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத படத்தை வகுப்புச் சுவரில் மாட்டக்கூடாது. பிள்ளைகள் சுவரில் இருப்பதை உண்மை என்றே நம்புவார்கள்.