சே குவேரா பயணித்த நார்ட்டன் பைக்... டிவிஎஸ் கைக்கு வந்தது எப்படி?

1952 ஜனவரி. மருத்துவ மாணவர் சே குவேராவும் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் ஒரு பழைய நார்ட்டன் 500 பைக்கில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார்கள். அடிக்கடி மக்கர் செய்த அந்த வண்டி, சிலி நாட்டோடு மொத்தமாகப் படுத்துவிட்டது. மிச்ச தூரத்துக்குப் பெரும்பாலும் லிஃப்ட் கேட்டுத்தான் போனார்கள். ஆனாலும் நார்ட்டன் என்றால் பைக் பிரியர்களுக்கு ஞாபகம் வருவது அந்தப் பயணம்தான், ரிப்பேர் இல்லை. சின்ன பைக் கம்பெனிகள் பலவும் இந்த மன்னிக்கிற மனசை நம்பியே வண்டி ஓட்டுகின்றன.

அந்த மனசு எங்கிருந்து வருகிறது என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்க ஸ்கிரீனையே பார்ப்பவருக்கு, போனைத் தொடவே முடியாத இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்குமா? மழை வரப்போவது முதலில் மூக்குக்குத் தெரியும். வளைவில் உடம்பும் வண்டியும் சேர்ந்து சாயும். அதைக் காரில் தேட முடியாது.

ஆனா, கம்பெனி நடத்துவது வேறு கணக்கு.

1898-ல் பர்மிங்காமில் தொடங்கியது நார்ட்டன். 1907-ல் முதல் ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்த நார்ட்டனில் இருந்ததே பெஜோ இன்ஜின்தான்! அதன்பின் எத்தனையோ உரிமையாளர்கள் மாறி, 2020 ஜனவரியில் கம்பெனி திவாலானது.

ஏன் இப்படி? ஒரு மாடலுக்குப் புகை விதி சோதனை, அச்சு, பிரேக் என ஆகும் செலவு, 500 வண்டி விற்றாலும் 5 லட்சம் விற்றாலும் பெரிதாகக் குறையாது. உதிரிபாகம் செய்பவரும் குறைந்த ஆர்டருக்கு அதிக விலைதான் கேட்பார். பணம் முடைப்படும்போது கண்ணில் படுவது ரசிகர்கள் கட்டிய அட்வான்ஸ். நார்ட்டனில் பலர் பணம் கட்டிவிட்டு வண்டி வராமல் காத்திருந்தார்கள். அதைவிட மோசம், 200-க்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியப் பணம் இந்தக் கம்பெனியிலேயே போடப்பட்டிருந்தது. இது தொடர்பான வழக்கில் முன்னாள் உரிமையாளர் 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதைப் போய் 'பாரம்பரியத்தைக் காப்பாற்றும் போராட்டம்' என்று பாராட்ட முடியாது.

2020 ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு, அதாவது சுமார் ரூ.153 கோடிக்கு நார்ட்டனை வாங்கியது. பழைய நிர்வாகம் விற்ற வி4 பைக்குகளைப் பிரித்துப் பார்த்தால் 35 குறைகள், அதில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவையும் உண்டு. கையால் செய்த வண்டி என்ற பெருமைக்குப் பின்னால் இதுவும் இருந்தது.

'பெரிய கம்பெனி வந்தால் வண்டியின் ஆன்மா போய்விடும்' என்று புலம்புகிறவர்கள் ராயல் என்ஃபீல்டைப் பார்க்கலாம். 2000-ம் ஆண்டு வாக்கில் அதை மூடிவிடலாமா என்று யோசித்தது ஐஷர் குழுமம். பணமும் பொறுமையும் இருந்ததால் தப்பித்து, 2024-25-ல் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த 'டப் டப்' சத்தத்துக்கு என்ன குறை வந்துவிட்டது?

2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் புது மான்க்ஸ் ஆர், அட்லஸ் மாடல்களைக் காட்டியிருக்கிறது நார்ட்டன். செம லுக்! ஆனால் அட்வான்ஸ் கட்டும் முன் எந்த பிராண்டாக இருந்தாலும் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒன்று: கிளட்ச் கேபிள் அறுந்தால், புதுசு எத்தனை நாளில் வரும்?