வாழ்த்துரையா, வட்டிக் கணக்கா?

புதிய ஏற்பாட்டிலே மிகச் சிறியது யோவானின் மூன்றாம் நிருபம். தம்மை மூப்பர் என்று குறித்துக்கொள்ளும் ஒருவர், காயு என்னும் நண்பருக்கு வரைந்த கடிதம் அது. ஒரே தாளில் அடங்கும். தொடக்கத்தில், நண்பர் உள்ளத்தால் நலமுற்றிருப்பதுபோல் உடலாலும் வாழ்வாலும் நலமுறவேண்டும் என்றொரு வாழ்த்து. இந்த ஒரு வரியைத் தூணாக நட்டு, அதன்மேல் ஒரு மாளிகையே எழுப்பிவிட்டனர் அமெரிக்கப் பிரசங்கிகள்!

ஓக்லகோமா மாநிலத்தில் ஏழைப் போதகராக இருந்தார் ஓரல் ராபர்ட்ஸ். 1947-ஆம் ஆண்டில் ஒருநாள் விவிலியத்தைத் திறந்தாராம், இவ்வரி கண்ணிற்பட்டதாம், உடனே புத்தம்புது பியூக் கார் வாய்த்ததாம். அவரே சொன்ன கதை இது. அன்றுமுதல், ஆண்டவன் அடியார்க்குச் செல்வம் வாக்களித்துள்ளான் என்பது கோட்பாடாயிற்று. காணிக்கை விதையாயிற்று; பன்மடங்கு விளைச்சல் வரும் என்றனர்.

தோழர்களே, அந்த வரியின் பொருள்தான் என்ன? பள்ளியில் கடிதம் எழுதக் கற்பிப்பவன் நான். நலம், நலமறிய அவா என்று மாணவன் தொடங்குகிறானே, அதைச் சொத்துப் பத்திரம் என்று எவரேனும் பதிவுக்குக் கொண்டுபோவதுண்டோ? கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் 'நல்வழி' என்பதிலிருந்து பிறந்தது. வழிப்பயணம் இனிதாகுக என்பதே அதன் அடிப்படை. அக்காலக் கடிதங்களின் மரபும் அதுவே. உரோமப் படையில் சேர்ந்த அப்பியோன் என்னும் எகிப்திய இளைஞன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தந்தைக்கு எழுதிய பாப்பிரசுக் கடிதம் கிடைத்திருக்கிறது. அதுவும் எல்லாவற்றுக்கும் முன்னே நலம் வேண்டித்தான் தொடங்குகிறது. அவன் நன்றி கூறுவதோ செராப்பிசு என்னும் தெய்வத்துக்கு! அந்தத் தெய்வத்தின் பெயரால் எவரும் இன்று கார் கேட்கவில்லை.

வாழ்த்து வணிகமானால் என்ன நேரும்? 1987-இல், 80 இலட்சம் டாலர் சேராவிடில் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என்று அறிவித்தார் அதே ராபர்ட்ஸ். பணம் சேர்ந்தது, அதில் 13 இலட்சத்தை அளித்தவர் நாய்ப் பந்தயத் திடல் வைத்திருந்தவர்! விண்ணக வேண்டுகோளுக்குச் சூதாட்டக் காசு துணை. 2015-இல் ஜார்ஜியா மாநிலத்துக் கிரெஃப்லோ டாலர் என்பார் 6 கோடியே 50 இலட்சம் டாலர் விமானத்துக்காக, இரண்டு இலட்சம் பேர் ஆளுக்கு 300 டாலர் தரவேண்டும் என்றார். பெயரிலேயே டாலர், நான் சூட்டியதன்று.

கேலிக்குரிய இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. விதைத்தும் விளையாத ஏழைக்கு இவர்கள் தரும் விடை: உன் விசுவாசம் போதவில்லை! கூலி குறைத்தவன் குற்றவாளியல்லன், வாடகை உயர்த்தியவன் குற்றவாளியல்லன். நோயுற்றுக் கிடப்பவளே குற்றவாளி! பணத்தையும் பறித்து, பழியையும் சுமத்தி அனுப்பும் வித்தையை எந்த வட்டிக்கடைக்காரனும் கற்றதில்லை.

இத்தனைக்கும், அந்தக் கடிதம் பேசுவது பெறுவதைப் பற்றியே அன்று. முன்பின் அறியாத வழிப்போக்கரை வரவேற்று உதவியதற்காகவே காயு பாராட்டப்படுகிறார். அவர்களோ, பிற மக்களிடம் ஏதும் பெறாமல் புறப்பட்டவர்கள். தியோத்திரேப்பு என்பவன் அவர்களை ஏற்க மறுத்தான். ஏற்க முன்வந்தவர்களையும் தடுத்துச் சபையைவிட்டு விரட்டினான். கடிதத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்படுபவன் அவன் ஒருவனே. செழிப்பைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கும் மேடைகளில், அவன் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?