பிள்ளைக்குப் பேர் வைப்பது யார்?

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு, பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் மெய்ப்பிக்கும் ஒரே ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளியில் சேர்க்க, வாக்காளர் பட்டியலில் பதிய, ஓட்டுநர் உரிமம் எடுக்க, பாஸ்போர்ட் வாங்க, ஆதார் எடுக்க, திருமணத்தைப் பதிய, அரசு வேலையில் சேர என எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம் இது.

நம் தெருக்களில் ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அன்றைக்கு வாத்தியார் ஒரு தேதியைப் போட்டு, காதில் விழுந்தபடி ஒரு பெயரை எழுதியிருப்பார். அந்தப் பெயரோடுதான் ஒருவர் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்திருப்பார். இனி அது நடக்காது. பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் நாம் எழுதிக் கொடுக்கிற பெயர்தான் கடைசிவரை கூட வரும். எனவே, அந்தப் பெயரை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை நாம் பேசியாக வேண்டும்.

பெயருக்கும் விதி இருந்தது

நமக்குப் பெயர் என்பது என்றைக்குமே வீட்டு விஷயமாக இருந்ததில்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்று விதிக்கிறது. நான்கு வருணங்களுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஏட்டில் இல்லாததை ஊர் வாய்மொழியாக எழுதிக்கொண்டது.

அப்பன் ஆசையாக முனுசாமி என்று வைத்தால், ஊர்த்தெருவில் அவன் முனியன். சாமி என்று முடிகிற பெயரைச் சொன்னால், சேரிக்காரனைச் சாமி என்று கூப்பிட்டதாகிவிடுமே! அதனால் வாலை நறுக்கிவிட்டார்கள். பொன்னுசாமி பொன்னனானார், கோவிந்தசாமி கோவிந்தனானார். அறுபது வயதுக் கிழவரை ஆண்டை வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி வாடா போடா என்றான். அந்தக் கிழவர் பையனைச் 'சின்னாண்டை' என்றார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், எட்டாம் வேற்றுமை விளி. ஒரு பெயரின் மரியாதை எழுவாயில் தெரிவதைவிட விளியில்தான் தெரியும். சான்றிதழில் எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும், எதிரில் நிற்பவன் அதை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் நம்மிடம் மட்டும் இருந்தவை அல்ல. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனால், மூன்றாவது பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து அப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் பல சாதிகளிலும் உண்டு. மற்ற தெருவில் குப்பன் வளர்ந்து குப்புசாமி ஆனார், கூடவே சாதிப் பட்டமும் ஒட்டிக்கொண்டது. நம் தெருவில் குப்புசாமியே குப்பன் ஆனார். வித்தியாசம் பெயரில் இல்லை, அது வளர அனுமதி உண்டா என்பதில் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைக்கப்பட்டவர்கள் இன்றும் நம்மிடையே பாட்டிகளாகவும் அம்மாக்களாகவும் இருக்கிறார்கள்.

மறுத்தவர்களின் வரலாறு

இந்த விதியை மறுத்தவர்கள் தங்கள் பெயரிலிருந்தே தொடங்கினார்கள். 1845-இல் காத்தவராயனாகப் பிறந்தவர், தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். நம் கடலூர் மாவட்டத்தில், 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரின் இயற்பெயர் முனுசாமி. தில்லைக் கோயிலின் பேரால் விலக்கி வைக்கப்பட்ட ஒருவரின் பெயரையே ஒரு பள்ளிக்கு வைத்து, அதில் நம் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் ஏற்றினார் அவர். 1922-இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களின் இடத்தில் ஆதிதிராவிடர் என்ற சொல் வந்தது.

1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதியைச் சொல்லிவிட முடியாமல் இருப்பதற்கு அந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம். இதன் பயன் வெளிமாநிலம் போனவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சுக்தேவ் தோராட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒன்றுபோல இருந்தன, குடும்பப் பெயர் மட்டும் மாறியது. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. முகத்தைக்கூடப் பார்க்காமல், காகிதத்தில் இருந்த பெயரைப் பார்த்தே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

நல்ல பெயர் வைத்துக்கொண்டால் விட்டுவிடுகிறார்களா? 2018 மே மாதம், குஜராத்தின் தோல்காவில் ஒரு தலித் இளைஞர் தன் பெயரோடு 'சிங்' என்ற விகுதியை முகநூலில் சேர்த்துக்கொண்டார். அது எங்கள் பட்டம் என்று சொல்லி அவரைத் தாக்கினார்கள். இது ஏதோ வடநாட்டுச் சங்கதி என்று நாம் நகர்ந்துவிட முடியாது. 1997-இல் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியபோது, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அதுவரை எத்தனையோ தலைவர்களின் பெயர்களில் பேருந்துகள் ஓடின. அந்த ஒரு பெயரைத் தாங்கிக்கொள்ள முடியாததால் அத்தனை பெயர்களும் போயின.

இன்றைய 'ஷ்' பெயர்கள்

இன்று நம் இளம் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? செல்போனில் தேடி, நட்சத்திரத்துக்கு முதல் எழுத்து பார்த்து, எண்கணிதக்காரரிடம் கூட்டுத்தொகை கேட்டு, 'ஷ்', 'ஸ்ரீ', 'க்ஷ்' என்று முடிகிற பெயர்களை வைக்கிறார்கள். பாட்டியால் அந்தப் பெயரை உச்சரிக்க முடியவில்லை. தமிழ் இயக்கத்தாரும் நம் அமைப்புத் தோழர்களும் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை.

ஒரு தாய் தன் மகனுக்கு அப்படிப் பெயர் வைக்கும்போது, என் பிள்ளையின் பெயரைக் கேட்டு எவனும் அவன் தெருவைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைக்கிறார். தாத்தாவின் பெயரை ஊர் எப்படி நறுக்கியது என்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த எண்ணம் வருவது நியாயம்தான். நறுக்க முடியாத ஒரு பெயரைத் தேடிப் போகிறார். அந்தத் தேடலை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் அந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவதாக, தலைப்பெழுத்து. தமிழ்நாட்டில் ஒற்றை எழுத்தாக இருப்பது, பாஸ்போர்ட்டிலும் வெளிமாநிலக் கல்லூரியிலும் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. மகன் பெயர் எதுவாக இருந்தாலும் பின்னால் மாடசாமியும் காத்தவராயனும் வந்து நிற்பார்கள். தாத்தாவின் பெயரை மறைக்கக் கற்றுக்கொடுத்து வளர்த்த பிள்ளை, அந்த இடத்தில் கூசிப்போகும். காத்தவராயனும் மதுரைவீரனும் நம் மக்கள் காலம்காலமாகக் கும்பிட்ட பெயர்கள். அவற்றில் கூசுவதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே சொல்லி வளர்ப்பது பெற்றோர் கடமை.

இரண்டாவதாக, நம் ஊர்ப்புறங்களில் யாரும் பெயரைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்வதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தது இதனால்தான் முக்கியமானது. பள்ளியிலும் இதே கதை. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவரின் சாதி விவரத்தை வருகைப் பதிவேட்டில் காட்டக் கூடாது என்றும், ஆசிரியர்கள் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. உதவித்தொகைப் படிவம் கொடுக்கிற நாளில் "எஸ்.சி. பசங்க எழுந்திருங்க" என்றால், பெற்றோர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒரு நிமிடத்தில் அழிந்துபோகிறது. இந்தப் பரிந்துரைகளை நம் மாவட்டப் பள்ளிகளில் எத்தனை கடைப்பிடிக்கின்றன என்று பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் நம் பெற்றோர் கேட்க வேண்டும்.

பெயரின் வலிமை பற்றி அம்பேத்கர் விரிவாக எழுதியிருக்கிறார். தீண்டாமையைச் சுமக்கிற பெயர் போக வேண்டும். ஆனால் அதே அமைப்புக்குள் இருந்துகொண்டு பெயரை மட்டும் மாற்றினால், அடுத்தடுத்த கேள்விகளில் பழைய பெயர் வெளியே இழுக்கப்பட்டுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெயர் மாற்றம் தேவை, அது மட்டும் போதாது என்ற இரண்டையும் சேர்த்தே அவர் சொன்னார்.

இரட்டைப் பெயர்களின் சிக்கல்

நம் மாவட்டத்தில் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று கோருவதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில், புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதம் மாறினாலும் கல்லறையில்கூடத் தனி இடம் ஒதுக்கப்படுகிற மக்களிடம், உனக்குச் சாதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. அந்த முரணைச் சுமப்பது பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையின் பெயர். இந்தக் குடும்பங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுவது அநீதி. மாற வேண்டியது அந்த ஆணை.

நாம் செய்ய வேண்டியவை

பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும். பெயர் எழுதாமலேயே பதிவு செய்யலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, எல்.கே.ஜி. சேர்க்கும் வாரத்தில் அலைகிறவர்கள் நம்மில்தான் அதிகம். கூலியை விட்டுவிட்டு நாலு நாள் அலைவது 200 ரூபாயைவிடப் பெரிய நஷ்டம்.

எழுதிக் கொடுக்கும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டலை வீட்டில் ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதிவாளர் எழுத வேண்டும். தலைப்பெழுத்தும் அப்பா அம்மா பெயர்களும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு எழுத்துப் பிழை பின்னாளில் சாதிச் சான்றிதழையும் கல்வி உதவித்தொகையையும் நிறுத்தி வைக்கும். திருத்தம், அரசிதழ் என்று அலைவது எளிதல்ல. 'மோச்சி' என்ற சாதிக் குடும்பப் பெயரை 'நாயக்' என்று மாற்றிய ஒரு தந்தையின் மகன்கள், அந்த மாற்றத்தைத் தங்கள் சி.பி.எஸ்.இ. சான்றிதழில் ஏற்றுவதற்காக டெல்லி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2023 மே மாதத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நீதிமன்றம், இழிவுக்கு இடம் தராத அடையாளத்தோடு வாழ்வது வாழ்வுரிமையின் பகுதி என்று ஏற்றது. உரிமை கிடைத்தது, ஆனால் வழக்குப் போட்டுத்தான் கிடைத்தது.

என்ன பெயர் வைப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும். சோதிடரிடமும் கணினி மையத்திலும் அதை விட்டுவிட வேண்டாம். பெற்றெடுத்தவளுக்கு அதில் சரிபாதிப் பேச்சு இருக்கட்டும். மீனாம்பாள், சத்தியவாணி, ரமா, யசோதரா, பீமா, அயோத்திதாசன் என்று நம் வரலாற்றில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல தமிழ்ப் பெயர்களும் ஏராளம். ஊர் நறுக்கிப்போட்ட தாத்தாவின் முழுப் பெயரை அப்படியே பேரனுக்கு வைப்பதும் ஒரு பதில்தான். எந்தப் பெயராக இருந்தாலும், ஏன் இந்தப் பெயர் என்று பிள்ளை கேட்கும் வயதில் சொல்வதற்கு ஒரு காரணம் கைவசம் இருக்க வேண்டும். நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. நமக்கு இதுவரை வந்த பெயர்களின் காரணத்தை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். இனி அந்தக் காரணத்தை நாமே சொல்லலாம்.

உங்கள் தெருவில் இந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். ஏறாதவர்களுக்கு, 12 மாதம் முடிவதற்குள் போய் எழுதச் சொல்லுங்கள்.