கல்விச் சுற்றுலாவா? களியாட்டச் சுற்றுலாவா?



அண்மையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் கல்விச் சுற்றுலா குறித்துப் பேச்சு எழுந்தது. இரண்டு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, நீர்ச்சறுக்குகள் நிறைந்த கேளிக்கைப் பூங்கா. மற்றொன்று, ஆசிரியர்கள் சிலர் கூடி வரைந்த திட்டம்: கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம், எண்ணெய் ஆலை, செகிஞ்சான் நெல்வயல், அரிசி ஆலை என ஒரே நாளில் பேருந்தில் சென்று திரும்பும் பயணம்.

பின்வரிசையில் இருந்து ஒரு தந்தை எழுந்தார். குரலில் நடுக்கம் இருந்தது.

“சார், என் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். தோட்டத்தை விட்டு வெளியேற எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. இப்பொழுது நான் பணம் கட்டி என் மகனைத் தோட்டத்துக்கே அனுப்ப வேண்டுமா?”

மண்டபம் கைதட்டியது. கை தூக்கச் சொன்னார்கள். கேளிக்கைப் பூங்கா வென்றது. திட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவனாகிய நான் வாய் திறக்காமல் வீடு திரும்பினேன். அந்தத் தந்தைக்கு நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த ஆண்டு இதே கேள்வி மீண்டும் வரும்; உங்கள் பள்ளியிலும் வரும்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வோம்

பெற்றோர்மீது பழி போடுவதற்கு முன்பாக ஆசிரியர்களாகிய நாம் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டும். வேளாண்மைச் சுற்றுலா என்ற பெயரில் இதுவரை நாம் நடத்தியது என்ன?

கேமரன் மலைக்குப் பேருந்து புறப்படும். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் ஆளுக்கொரு கூடை. பழம் பறிப்பார்கள், படம் பிடிப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இருபது நிமிடம். நினைவுப்பொருள் கடைகளில் இரண்டு மணி நேரம். திரும்பி வந்தபின் ஒரு பயிற்சித்தாள்: “நீ கண்ட மூன்று பழங்களின் பெயரை எழுதுக.” இதற்கு ஐந்து மணி நேரம் மலையேற வேண்டுமா? பக்கத்துச் சந்தைக்கு நடத்திச் சென்றாலே போதுமே!

ரிங்லெட் ஏரியைக் கடந்துதான் அந்தப் பேருந்து போகிறது. அதன் நீர் ஏன் இப்படிச் செம்மண் நிறமாகக் கலங்கியிருக்கிறது என்று எந்த ஆசிரியராவது பேருந்தை நிறுத்திச் சொன்னதுண்டா? மலைச்சரிவுகளை வெட்டிக் காய்கறி பயிரிட்டதாலும் நிலத்தை மேம்படுத்தியதாலும் அரிக்கப்பட்ட மண் ஆறுகள் வழியே அணைக்கட்டில் வந்து படிகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையின்போது அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. நம் தட்டில் விழும் முட்டைக்கோசுக்கும் அந்த வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பைப் பதினொரு வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். நாம்தான் சொல்லவில்லை.

ஆகவே, “இதற்குப் போவதைவிட நீச்சல் குளத்துக்கே போகலாம்” என்று பெற்றோர் நினைத்தால், அதில் பாதிப் பழி நம்முடையது.

கோபம் நியாயமானது; முடிவு தவறானது

இனி அந்தத் தந்தைக்கு.

ஐயா, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாயாரை வருத்தியது அந்த மரமா? கூலியை நிர்ணயித்தவர் யார், கணக்கை எழுதியவர் யார், பாலின் விலை எங்கே முடிவாயிற்று என்பனவெல்லாம் தோட்டத்துக்கு வெளியே நடந்த செய்திகள். மரம் என்ன செய்தது? நாம் மரத்தின்மீது கோபம் கொண்டு, கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

உங்கள் தாயார் செய்தது வெறும் கூலிவேலை அன்று. அது ஒரு கைத்திறன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் இருட்டோடு எழுந்தார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும். குறைந்தால் மங்கில் பால் வடியாது. இருளில், ஒரு சிறு விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைக் கை தப்பாமல் காத்தவர் அவர். உங்கள் மகனுக்கு இது தெரியுமா? பாட்டி “தோட்டத்தில் கஷ்டப்பட்டார்” என்று மட்டும் அவனுக்குத் தெரியும். கஷ்டத்தைச் சொன்னோம், திறமையைச் சொல்லாமல் விட்டோம். இரக்கத்தை ஊட்டினோம், பெருமிதத்தைக் கொடுக்கவில்லை.

உங்கள் மகன் அங்கே மங்கு தூக்கப் போகவில்லை. சீருடை அணிந்து, குறிப்பேடு ஏந்தி, விருந்தினனாகப் போகிறான். அன்று அவன் பாட்டி கிராணியிடம் கேட்க முடியாத கேள்வியை, இன்று பேரன் மேலாளரைப் பார்த்துக் கேட்கட்டும்: “ஒரு டன் பழக்குலைக்கு இன்று என்ன விலை? அதில் வெட்டியவருக்கு எவ்வளவு?” இதைக் கேட்கும் பிள்ளையைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனவன் என்று யார் சொல்வார்?

ஒரு நாள் பயணம் என்ன கற்பிக்கும்?

கோலசிலாங்கூர் வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கேதான் உருவாயிற்று. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம்! ஆம், நம் மக்கள் நாவில் புழங்கிய அதே சொல். நாட்டின் வருவாயைத் தாங்கிய ஒரு தொழிலின் பிறப்பிடத்தில் தமிழ்ப்பெயர் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தப் பிரெஞ்சுக்காரர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் தம் நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்தைப் பற்றி அவர் எழுதினார். நாமோ பேசவே நாணுகிறோம்.

அறிவியல் வேண்டுமா? செம்பனைப் பூக்களுக்கு ஒரு காலத்தில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்டபின் அந்த வேலையைப் பூச்சி ஏற்றுக்கொண்டது. மகரந்தச் சேர்க்கைப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? வெட்டிய பழக்குலையை ஏன் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுசெல்ல முனைகிறார்கள்? தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். ஒரே பழத்தின் சதையிலிருந்து ஒருவகை எண்ணெய், பருப்பிலிருந்து மற்றொருவகை எண்ணெய். பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருள். ஆலை வாசலில் அரைமணி நேரம் நின்றாலே பாதி அறிவியல் பாடம் கண்முன் நடக்கும்.

அங்கிருந்து கடலோரச் சாலையில் தஞ்சோங் காராங் வழியாகச் செகிஞ்சான். பெர்ணம் ஆற்றின் நீரைத் திருப்பி, கால்வாய்களில் பிரித்து, ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கிறார்கள். வாய்க்கால் மதகைப் பார்த்த பிள்ளைக்கு நீர்ப்பாசனம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அரிசி ஆலையில் கணக்குப் பாடம்: ஒரு டன் நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகும். உமிக்கும் தவிட்டுக்கும் என்ன ஆகிறது? உடைந்த அரிசிக்கு என்ன விலை? விழுக்காட்டுக் கணக்கைப் பிள்ளைகள் நெல்மணியை வைத்தே போடட்டும்.

பேராக் மாநிலப் பள்ளிகளுக்குக் கோலகங்சார் இருக்கிறது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்பது அங்கே நடப்பட்டன. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. கெடா மாநிலத்தார்க்கு மூடா நீர்ப்பாசனத் திட்டமும் அலோர்ஸ்டார் நெல் அருங்காட்சியகமும் உள்ளன. ஜொகூரில் அன்னாசி வயல்கள். எந்த மாநிலத்திலும் சாக்குச் சொல்ல வழியில்லை!

உணவு கடையில் விளைவதில்லை

2022 ஜூன் மாதத்தில் நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தீவன விலை ஏறியதும் ஒரு காரணம். 2023இல் இறக்குமதி அரிசி விலை உயர்ந்ததும், கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவரம்பு விலையில் விற்ற உள்ளூர் அரிசி கடைகளில் காணாமற் போயிற்று. எத்தனை இல்லங்களில் அம்மாக்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்! அந்நாள்களில் என் மாணவர் ஒருவரிடம் “அரிசி ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்டேன். “கடைக்காரர் விடுமுறையில் போய்விட்டார், சார்” என்றார். சிரித்துவிட்டேன். சிரித்தபின் வெட்கப்பட்டேன். அவருக்குக் கற்பிக்க வேண்டியவன் நான் அல்லவா?

மற்றொன்று. வேளாண்மை என்றவுடன் மண்வெட்டி மட்டும் நம் கண்ணில் படுவது ஏன்? செர்டாங்கில் 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிய கல்விக்கூடமே இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். மண் ஆய்வாளர், விதை ஆராய்ச்சியாளர், ஆலைப் பொறியாளர், கால்நடை மருத்துவர், ஏற்றுமதி வணிகர் என எத்தனையோ வாசல்கள். வியர்வை சிந்திய இடத்தில் உரிமையாளராகவும் அறிஞராகவும் நம் பிள்ளைகள் நுழைய வேண்டாமா? நாம் முகம் திருப்பிக்கொண்டால் அந்த நாற்காலிகள் காலியாக இரா; பிறர் அமர்வர்.

என் வேண்டுகோள்

“தேர்வு இருக்கிறது, நேரம் இல்லை” என்று இனியும் சொல்லாதீர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டது. ஆசிரியர்களே, பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. புறப்படும் முன் ஒரு வாரம் வகுப்பில் ஆயத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் சொந்தக் கேள்விகள் இரண்டையாவது எழுதி எடுத்து வரட்டும்.

2. மேலாளரின் உரையோடு நிறுத்தாதீர்கள். வயலில் உழைப்பவரோடும் பிள்ளைகள் பேசட்டும். அவர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். நம் முன்னோர் இருந்த இடத்தில் இன்று அவர் இருக்கிறார் என்பதை உணர்த்துங்கள்.

3. கடைகளுக்கு அரைமணி நேரம் போதும்.

4. பாட்டி, தாத்தா ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன, நெடுநாள் இரா.

5. வசதியில்லை என்பதால் ஒரு பிள்ளைகூட விடுபடலாகாது. கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச் சீட்டுச் செலவு இப்பயணத்தில் இல்லை; மிஞ்சும் பணத்தில் வசதியற்ற பிள்ளைகளின் கட்டணத்தைச் சங்கமே ஏற்கலாம்.

பெற்றோர்களே, நீர்ச்சறுக்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விடுமுறையில் குடும்பத்தோடு போய் மகிழுங்கள். ஆனால் பள்ளியின் பெயரில், ஆசிரியரின் பொறுப்பில் செலவாகும் ஒரு நாள், கல்விக்கு உரிய நாள்.

அன்று எழுந்து பேசிய ஐயா, அடுத்த கூட்டத்துக்கும் வாருங்கள். நானும் வருவேன், இம்முறை வாய் திறப்பேன். திட்டம் நிறைவேறினால், பேருந்தின் முன்னிருக்கை உங்கள் தாயாருக்கு. பால்மரம் வெட்டுவது எப்படி என்று அவரே எங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கட்டும். தோட்டத்தில் அவரை ஒருநாளும் எவரும் ‘டீச்சர்’ என்று அழைத்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் அழைப்பார்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.