லாரிக்குப் பிறந்த பஸ்

ஓசூர் ரோட்டில் போய் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு என்ஜின், சக்கரங்கள், இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. தலையில் ஹெல்மெட்டும் கழுத்தில் மப்ளருமாக ஒரு டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டு போவார். 1980இல் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்ததிலிருந்து, ஆனேக்கல் தாலுகாவின் நெடுஞ்சாலை ஊர்களான அத்திப்பள்ளிக்கும் சந்தாபுரத்துக்கும் இது பழகிப்போன காட்சி. அந்த எலும்புக்கூடு சிமென்ட் மூட்டை ஏற்றப்போகிறதா, மனிதர்களை ஏற்றப்போகிறதா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு உருவம் வரும்.

நம் நாட்டு பஸ்ஸின் கதையே இதுதான். அது லாரியாகப் பிறந்து, பஸ்ஸாக வளர்க்கப்பட்டது.

ஆரம்பத்தில் இதில் தவறு ஒன்றும் இல்லை. 1917இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 'டிடி' என்ற ஒரு டன் லாரியைக் கொண்டுவந்தபோது, 600 டாலருக்கு வெறும் சேஸிஸை மட்டும்தான் விற்றது. மேலே என்ன கட்டிக்கொள்வது என்பது வாங்கியவர் பாடு. பால் வண்டி வேண்டுமா, தீயணைப்பு வண்டி வேண்டுமா, பஸ் வேண்டுமா, தச்சர் ஒருவர் கிடைத்தால் போதும். தென்னிந்தியாவிலும் தனியார் பஸ் முதலாளிகள் கிளம்பிய காலம் அதுதான். 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே டிரைவராக உட்கார்ந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். மண் ரோடு, ஆற்றுப்படுகை, மாட்டு வண்டித் தடம் எல்லாவற்றையும் தாங்க லாரியின் முரட்டு உடம்பு தேவைப்பட்ட நாட்கள் அவை. பெங்களூரில் 1940இல் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி 98 பஸ்களுடன் தொடங்கியது. 1948 செப்டம்பரில் மைசூர் அரசே 120 பஸ்களுடன் களத்தில் இறங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமே வண்டி செய்யத் தொடங்கியபோதும் வழி மாறவில்லை. 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டிக் கொடுத்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கை கோத்தது. அங்கே பூட்டப்பட்ட முதல் லேலண்ட் வண்டிகள் எவை தெரியுமா? நான்கு டிப்பர் லாரிகள். வாங்கியது மங்களூரில் ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலை. 'காமெட்' என்ற அந்த இனம்தான் பின்னால் நாடு முழுவதும் பயணிகளைச் சுமந்தது. 1954இல் ஆண்டுக்கு 1,000 காமெட் செய்ய அரசு லைசென்ஸ் கொடுத்தது. 1963க்குள் 8,000க்கும் மேற்பட்டவை ஓடின. காமெட் இல்லாத அரசு போக்குவரத்துக் கழகமே அன்று கிடையாது என்றார்கள். அதே 1954இல் ஜாம்ஷெட்பூரில் பென்ஸ் லாரி செய்யத் தொடங்கிய டாடாவின் டெல்கோவும் இதே பாதையில்தான் போனது.

பஸ் முதலாளிக்கும் அரசுக் கழகத்துக்கும் இதில் லாபம் உண்டு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே உதிரிபாகம், ஒரே மெக்கானிக். நடுரோட்டில் நின்றாலும் எந்த ஊரிலாவது சாமான் கிடைக்கும். பாடியைக் கரூரிலோ பெங்களூரிலோ தங்கள் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். எத்தனையோ பட்டறைத் தொழிலாளர்கள் பிழைத்தது இதனால்தான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

விலை கொடுத்தது பயணி. லாரியின் சட்டம் சக்கரங்களுக்கு மேலே நேராகப் போகிறது. அதன் மேல் பலகை போட்டால் தரை 1,100 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டு மேஜையைவிட ஒன்றரை மடங்கு உயரம்! என்ஜின் டிரைவர் பக்கத்திலேயே இருப்பதால் சூடும் சத்தமும் உள்ளே வருகின்றன. பட்டை ஸ்பிரிங்குகள் மூட்டைகளின் கனத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. கூட்டம் குறைவாக இருந்தால் அவை வளைந்து கொடுக்காது, தூக்கித்தான் போடும். பின்சக்கரத்தையும் தாண்டி நீண்டிருக்கும் கடைசி சீட்டில் ஆனேக்கல் வரை போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ரோடு திருந்திய பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது ஏன்? பஸ்ஸை வாங்குகிறவர் அதில் ஏறுகிறவர் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2001இல் வோல்வோவின் பி7ஆர் வந்தது. என்ஜின் பின்னால், காற்று ஸ்பிரிங், பஸ்ஸுக்கென்றே செய்த சேஸிஸ். இப்படியும் பஸ் செய்யலாம் என்று அதிகாரிகள் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள் போலும். 2005-06இல் பெங்களூர் நகரத்துக்குள்ளேயே வோல்வோ ஓடத் தொடங்கியது. ஆனால் அது ஏ.சி. பஸ், டிக்கெட் விலை அதிகம். முழங்கால் வலியுள்ள பூக்கார அம்மா அதில் ஏறப்போவதில்லை.

2023 ஜூனில் கர்நாடக அரசு 'சக்தி' திட்டத்தைக் கொண்டுவந்து, சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. பஸ் ஏறும் பெண்கள் அதிகமானார்கள், படியின் உயரம் குறையவில்லை. சென்னையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக ஐகோர்ட்டில் வழக்கு நடந்த பிறகுதான், 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் திரும்ப வந்தன. அவற்றில் தரை 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை உண்டு. தாழ்தளம் என்றாலே அதிகாரிகள் மழைத் தண்ணீரையும் வேகத்தடைகளையும் காரணம் காட்டுவது வழக்கம். வேகத்தடையை விதிப்படி போடலாமே என்று யாரும் கேட்பதில்லை. நகர எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் காமெட்டின் பேரப்பிள்ளைகள்தான் இன்னும் ஓடுகின்றன.