பட்டாளத்துக்கு மட்டும் தனி நியாயமா?

வயது வந்த இருவர் மனமொத்துக் கூடுவது, அவர்கள் இருவரும் ஆண்களானாலும் பெண்களானாலும் குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு அது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 377-வது பிரிவே கிடையாது. ஆனால் நம் ஊர் பாங்கோடு ராணுவ முகாமின் வாசலோடு அந்தத் தீர்ப்பு நின்று விடுகிறது.

2019 ஜனவரி 10-ந் தேதி, அப்போதைய ராணுவ தளபதி பிபின் ராவத் நிருபர்களிடம், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவ சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்றார். 1950-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், "இயற்கைக்கு மாறான" இழிநடத்தைக்கு 46-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. அதிகாரிகளுக்கு 45-வது பிரிவு: பதவிக்கு ஒவ்வாத நடத்தை என்று சொல்லி வேலையைப் பறிக்கலாம். எது ஒவ்வாதது என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. ஆபீசில் சார்ஜ் ஷீட் வாங்கியவர்களுக்குத் தெரியும், விளக்கம் இல்லாத குற்றச்சாட்டு எத்தனை ஆபத்தானது என்று.

படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியல் சட்டத்தின் 33-வது விதி பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உண்மைதான். கடமை ஒழுங்காக நடக்கவும் கட்டுப்பாடு நிலைக்கவும் தந்த அதிகாரம் அது. ஒருவன் யாரை நேசிக்கிறான் என்று துருவுவதற்குத் தந்ததல்ல. மேலதிகாரி கீழுள்ளவனை வற்புறுத்தினால் கடுமையாகத் தண்டியுங்கள். பெண்ணை வற்புறுத்தினாலும் அதே தண்டனை கொடுங்கள். பிரிட்டன் 2000-லும், அமெரிக்கா 2011-லும் தடையை நீக்கின. அந்தப் படைகள் கலைந்து போய்விடவில்லை. பழைய கொடுமைக்காக 2023-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்பே கேட்டார்.

இங்கோ கதை சொல்லவும் அனுமதி இல்லை. ராணுவத்திலிருந்து விலகிய மேஜர் ஜே.சுரேஷ் 2020-ல் தம்மைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அவர் வாழ்வைத் தழுவி டைரக்டர் ஓனிர் எழுதிய திரைக்கதைக்கு, 2022-ல் ராணுவ அமைச்சகம் சான்று தர மறுத்து விட்டது.

ஸ்ரீவராகத்திலும் சாலையிலும் நம்மவர் வீடுகளில் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் வாய்திறந்தால் வேலையும் பென்ஷனும் என்னாகும்? நம் எம்.பி.க்கள் ராணுவ மந்திரியிடம் இதைக் கேட்க வேண்டும். 2018 தீர்ப்புக்குப் பிறகு இந்த இரு பிரிவுகளின் கீழ், இக்காரணத்துக்காக எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கையும் சபையில் வைக்கச் சொல்ல வேண்டும்.